வெள்ளைப் பூஞ்சாணமும் சரசு வீட்டுப் பட்டுப்புழுவும்

ஐப்பசி 8, சனி

விடியும்போதே தூறல். கொல்லிமலை தெரியவில்லை, அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். மோட்டார் போடும் வேலை மிச்சம்.

கத்தரிக்காட்டில் வெள்ளைப் புழு! மேற்கு வரப்பு ஓரம் ஒரு செடியில் பார்த்தேன், அப்புறம் தேடத் தேட நிறைய. இலையைப் பிடித்தபடியே செத்து விறைத்து, மேலே மாவு தூவினாற்போல. போன வாரம் அடித்த பவேரியாப் பூஞ்சாணத் தூள் வேலை செய்திருக்கிறது. தொட்டால் சாக்பீஸ் துண்டு மாதிரி, வளையவில்லை. பூஞ்சாணம் புழுவின் தோல் வழியாக உள்ளே புகுந்து, உள்ளேயே முளைத்து, தின்று தீர்த்துவிட்டுத்தான் வெளியே வெள்ளையாகப் பூக்குமாம். எருமப்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் சொன்னார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, மனுசருக்கும் ஆகாது.

நேற்றுச் சாயங்காலம் இன்னொரு தடவை அடித்தாயிற்று. வெயிலில் அடித்தால் பூஞ்சாணம் செத்துப்போகும், பொழுது இறங்கித்தான் அடிக்கணும். நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, காதி சோப்பு கொஞ்சம். முதுகில் டேங்கு மாட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் ஆள் வைக்கவில்லை. ஆள் வைத்தால் இலைக்கு மேலே தெளித்துவிட்டுப் போவான்கள், இலைக்கு அடியில் யார் பார்ப்பது?

ஒரு வெள்ளைப் புழுவை இலையோடு பறித்து வந்தேன். யாருக்குக் காட்ட? அவர் இருந்தால் "ம்" என்பார். சித்திரையில் அவரோடு அந்த "ம்"மும் போயிற்று.

நாளைக்குச் சரசு வீட்டுப் பட்டுப்புழுக் கொட்டாய்க்கு இளம்புழு வருகிறது. அவளிடம் காட்டலாம்.

ஐப்பசி 9, ஞாயிறு

மூட்டம். வெயில் எட்டிப் பார்க்கவில்லை.

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சரசு வேற்று ஆள் இல்லை. பங்காளி வகையில் கொழுந்தனார் செல்வராசுவின் சம்சாரம். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் மல்பெரி, இந்தப் பக்கம் என் கத்தரி. இந்தத் தோட்டத்துக்குள் மனுச வாடை என்றால் அவள் வீடுதான். பட்டுப்புழுக் கொட்டாய் கட்டின நாளில் இருந்து, இளம்புழு வந்தால் முதல் தழை நான்தான் போடுவேன். "நங்கை கை வெச்சாத்தான் கூடு கல்லு மாதிரி வரும்" என்று செல்வராசே எல்லாரிடமும் சொல்வார். அண்ணி முறை, அதனால் நங்கை.

ஆனியில் நான் போகவில்லை. துக்கம் ஆறவில்லை. புரட்டாசியில் சரசு வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள், போட்டேன். அந்தப் புழு பாதிக்கு மேல் செத்துப்போனது. எதனால் என்று கேட்டதற்கு "சீக்குங்க்கா" என்றாள். அதோடு பேச்சை மாற்றினாள்.

இன்றைக்கு அவளாகக் கூப்பிடவில்லை. மறந்திருப்பாள் என்று நானே போனேன். குளித்து, திருநீறு பூசி, ஒரு கூடை கத்தரிக்காய், முந்தானையில் அந்த வெள்ளைப் புழுவை இலையோடு முடிந்துகொண்டு. கொட்டாய் வாசலில் குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, உள்ள வேண்டாங்க்கா."

"ஏன்?"

"சும்மாதானுங்க்கா. நீங்க போங்க, நான் அப்பறமா ஊட்டுக்கு வாரேன்."

கூடையைக்கூட வாங்கவில்லை. உள்ளே செல்வராசு தழை வெட்டிக்கொண்டு இருந்தார். நிமிரவில்லை. தெக்காலத் தெரு ராணி உள்ளேதான் நிற்கிறாள், இரண்டு கையிலும் தழை. நெற்றி நிறையக் குங்குமம்.

புரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியதில்லை.

முடிச்சை அவிழ்க்காமலே வந்தேன். கத்தரிக்காயை மாட்டுக்குப் போட்டேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

காலையில் மழை, பிறகு இல்லை. ச. வரவில்லை. இனி ச. என்றே எழுதப்போகிறேன், முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

பால் சொசைட்டியில் ராணி எனக்கு முதுகு காட்டி நின்று யாரோ ஒருத்தியிடம்:

"புரட்டாசிப் புழு பின்ன ஏன் போச்சுங்கற? தாலியறுத்த கையில மொதத் தழையக் குடுத்தா வெளங்குமா? பாவம், வயசான மனுசி, ஆரு போயிச் சொல்றது."

"சரசு ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்ன சொல்லுவா. தலைய ஆட்டுனா."

நான் பாலை ஊற்றினேன். சீட்டு வாங்கினேன். நிமிர்ந்துதான் நடந்து வந்தேன். ராணி பார்த்தாள், பார்க்கட்டும்.

வாங்க வேண்டியது:
கல் உப்பு
பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு
கண்ணாடிக்கு ஸ்க்ரூ (நூல் கட்டியது போதும்)
பவேரியா ஒரு பாக்கெட்

காவ்யா போன் பண்ணினாள், அஸ்தம்பட்டியில் இருந்து. மகள் வயிற்றுப் பேத்தி. "அம்மாயி, சாப்ட்டீங்களா?" "சாப்ட்டேன் சாமி." அடுப்பே பற்ற வைக்கவில்லை. "என்ன கொழம்பு?" என்றாள். கத்தரிக்காய் என்றேன்.

ஐப்பசி 14, வெள்ளி

தூறல், குளிர். மாட்டுக் கட்டுத்தரை வழுக்குகிறது.

விவசாய ஆபீசில் இருந்து போன். கார்த்திகையில் மறுபடி கூட்டமாம். "பாவாயி அம்மா, நீங்கதான் பூஞ்சாணத்தைப் பத்திப் பேசணும்." போன தடவை மைக்கைப் பிடித்துப் பேசியபோது குரல் பிசகவில்லை. சால்வை போர்த்தினார்கள். அஞ்சாவது படித்தவள் இத்தனை பேருக்கு முன்னால் பேசினாள். அந்தப் போட்டோ காவ்யா போனில் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது. மனசு சரியில்லாதபோது பார்ப்பேன். இன்றைக்கும் பார்த்தேன். போட்டோவில் பக்கத்தில் நின்று ச. சிரிக்கிறாள். மூடிவிட்டேன்.

அவளுக்காகத்தான் நான் பூச்சிமருந்தையே விட்டேன். இரண்டு வருசத்துக்கு முன் வந்து நின்றாள். "அக்கா, உங்க மருந்து காத்துல வந்து மல்பெரியில படிஞ்சா புழுவெல்லாம் வாந்தியெடுத்துச் சாகுதுங்க்கா." அன்றைக்கே மருந்து டப்பாவை எல்லாம் உரக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் திட்டினார், காய் எல்லாம் சொத்தை ஆகும் என்று. ஆயிற்றுதான். ஒரு வருசம் முழுக்கச் சொத்தை. அதற்கு அப்புறம்தான் பூஞ்சாணம் கிடைத்தது.

அவளுக்கு அதெல்லாம் மறந்து போயிற்று. நெற்றி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாளைக்குச் சாயங்காலம் மறுபடி அடிக்கணும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி.

மகனுக்குப் போன் போட்டேன். ஓசூரில் வேலையில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிடவில்லை.

ஐப்பசி 15, சனி

மழை விட்டது. கொல்லிமலை முழுசாகத் தெரிந்தது.

கிடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு ச. மல்பெரிக்குள் ஓடிவிட்டது. பிடிக்கப் போனேன். கொட்டாய்க்குப் பின்னால் ஒரு குழி. சுண்ணாம்பு போட்டு மூடியது, மழையில் மேல் மண் கரைந்து, நாய் வேறு கிளறியிருக்கிறது.

குழி நிறையப் பட்டுப்புழு. புரட்டாசிப் புழு.

சுண்ணாம்புதான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். குச்சியால் ஒன்றை எடுத்துத் தட்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது, வெள்ளை உதிரவில்லை. வளையவில்லை. உடைத்தால் சாக்பீஸ் மாதிரி பட்டென்று உடைந்தது.

இந்த வெள்ளையை எனக்குத் தெரியும். என் கத்தரி இலையில் தேடித்தேடிப் பார்த்துச் சந்தோசப்பட்ட வெள்ளை.

கிடேரியை மறந்துவிட்டேன். அதுவாகவே கட்டுத்தரைக்கு வந்து நிற்கிறது.

புரட்டாசியில் நான் தழை போட்ட அன்றைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் அடித்திருந்தேன். குளிக்காமலா போனேன்? குளித்தேன். ஆனால் சேலை? அந்தச் சேலையோடுதான் கத்தரிக்காடு வழியாக நடந்து போனேன். போன ஞாயிற்றுக்கிழமை அதையே முந்தானையில் முடிந்துகொண்டு போனேனே. முடிச்சை அவிழ்த்து உள்ளே நீட்டியிருந்தால்?

டேங்கில் கரைத்து வைத்ததை அடிக்கவில்லை. அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 16, ஞாயிறு

வெயில்.

பவேரியா பாக்கெட்டைப் போட்டோ எடுத்துக் காவ்யாவுக்கு அனுப்பினேன். பெரிய எழுத்தெல்லாம் நானே படித்ததுதான். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி, அதை ஒருநாளும் படித்தது இல்லை. காவ்யா பெரிசு பண்ணிப் படித்தாள்.

"அம்மாயி, பட்டுப்புழு வளர்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஏன் அம்மாயி, சரசு பாட்டி புழு..."

"ஆமாம் சாமி. நான் அப்பறம் பேசறேன்."

எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் கொட்டாய். இப்போது இருக்கிற புழுவும் என் தூளில்தான் மூச்சு விடுகிறது.

செய்தது:
டேங்கில் இருந்ததைத் தெக்கு மூலையில் குழி தோண்டி ஊற்றி மூடினேன்
அடிக்கும்போது கட்டிய சேலை, துண்டு, பையை வெந்நீரில் அலசிக் காயப் போட்டேன்
வேலிப் பக்கம் போகும் வழியில் முள் வெட்டிப் போட்டு அடைத்தேன்

இனி புழு கூடு கட்டும் வரை நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஊரில் என்ன பேசினாலும் சரி.

முள் அடைக்கும்போது செல்வராசு தூரத்தில் நின்று பார்த்தார். கோபத்தில் வழியை அடைக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கணும். நெற்றி இல்லை, பூஞ்சாணம் என்று தெரிந்தபோது, அவள் புழு செத்த வருத்தத்துக்கு முன்னால், மார்பில் இருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

ஐப்பசி 19, புதன்

காற்று. மழை வரும் வரும் என்று வரவில்லை.

சாயங்காலம் வாசல் படல் சத்தம். அவள்தான். கையில் மூடிபோட்ட தூக்குப்போசி.

"அங்கயே நில்லு! உள்ள வராத!"

நான் கத்திய கத்தில் மாடு திரும்பிப் பார்த்தது. அவள் நின்றுவிட்டாள். முகம் சுண்டிவிட்டது.

"நான் கொட்டாய்க்குள்ள வேண்டாம்னேன்னு, பதிலுக்குப் பதிலுங்களாக்கா?"

"பதிலும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. இங்க மண்ணெல்லாம் பூஞ்சாணம். உன் கால்ல ஒட்டிக்கிட்டுப் புழுவுக்கு வந்துரும். அங்கயே நின்னு பேசு."

தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். அப்படியே படலுக்கு வெளியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கட்டுத்தரையில், அவள் படலுக்கு அந்தப் பக்கம். நடுவில் கோழி மேய்ந்துகொண்டு இருந்தது.

"ஆருங்க்கா சொன்னாங்க?"

"ஆரும் சொல்லல. உங்க குழியப் பாத்தேன். நீ ஏன் சொல்லல?"

"எப்பிடிங்க்கா சொல்றது? பட்டு ஆபீஸ்காரரு புரட்டாசியிலயே வந்து பாத்துட்டு உங்க பூஞ்சாணந்தான்னு சொல்லிட்டாரு. இவரு உங்க ஊட்டுக்குச் சண்டைக்கே கெளம்புனாரு. நாந்தான் கால்ல உளாத கொறையா நிறுத்துனேன். எனக்காகத்தான மருந்த உட்டீங்க. ஒரு வருசம் சொத்தக் காய அள்ளிக் கொட்டுனத நான் பாக்கலீங்களா? இப்ப அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து சொல்றது?"

"ராணி சொசைட்டியில என்ன பேசறான்னு தெரியுமா?"

கோழியைப் பார்த்துக்கொண்டே, "தெரியுங்க்கா."

"மறுத்தியா?"

"மறுத்தா பின்ன எதனாலன்னு கேப்பாங்க. பூஞ்சாணத்தச் சொல்லோணும். சொன்னா, கூட்டத்துல சால்வை போத்துன பேரு போயிருமேன்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. சால்வையைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை மூதேவி ஆக்கிவிட்டாள். சால்வை அலமாரியில் கிடக்கும். இந்த நெற்றியோடு நான் தினமும் பால் ஊற்றப் போகணும். எது எனக்குப் பெரிசு என்று இத்தனை வருசம் பழகியவளுக்குத் தெரியவில்லை. பாவி, நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறாள்.

"எந்திரிச்சுப் போடி. போயிக் காலக் கழுவு. சேலைய மாத்திட்டுக் கொட்டாய்க்குள்ள போ."

"கோவமாக்கா?"

"ஆமா, கோவந்தான். போ."

போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு. சூடு ஆறவில்லை. சாப்பிட்டேன். நெய் கொஞ்சம் அதிகம்.

ஐப்பசி 21, வெள்ளி

பனி. பால் கேன் பிடி ஜில்லென்று இருந்தது.

இரண்டு நாளாக யோசித்து இன்றைக்குச் சொசைட்டியில் பேசிவிட்டேன். மைக் இல்லை, அவ்வளவுதான்.

"ராணி, இங்க வா. எல்லாரும் கேளுங்க. புரட்டாசியில சரசு புழு செத்துச்சே, அதுக்கு என் கைதான் காரணம்."

பால் அளக்கிறவர்கூட நிறுத்திவிட்டார்.

"தாலி இல்லாததால இல்ல. கத்தரிக்கு அடிக்கறேனே, அந்த வெள்ளைப் பூஞ்சாணம் என் கையிலயும் சேலையிலயும் ஒட்டிக்கிட்டு அவ கொட்டாய்க்குப் போயிருச்சு. கத்தரிப்புழுன்னும் பட்டுப்புழுன்னும் அதுக்குத் தெரியாது. ரெண்டையும் ஒண்ணாத்தான் கொல்லும். பாக்கெட்டுலயே போட்டிருக்குது, நான் படிக்கல. ஆருக்காவது சந்தேகம்னா பாக்கெட்டக் கொண்டாந்து காட்டறேன்."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாள் ராணி.

"நீ சொன்னத நான் பின்னால நின்னு கேட்டேன். முதுகுல கண்ணு இருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ராணி முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை: "அப்ப அந்தச் சால்வைய என்ன பண்றதுங்?"

"திருப்பிக் கேட்டா குடுத்துட்டுப் போறேன். அதப் போத்திக்கிட்டா குளிரு அடங்குது?"

கடைசியில் நின்ற கருப்பாயி, எனக்கு மூத்தவள், பல் இல்லாத வாயால்: "எப்படிச் சுத்திக் கொண்டாந்தாலும் கை உன்னுதுதானே பாவாயி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வயிறு குலுங்கச் சிரித்து எத்தனை மாசம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து கேனைக் கழுவிக் கவிழ்த்தேன். வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பேசியதை யாரிடமாவது திருப்பிச் சொல்லணும் போல இருந்தது. ரேடியோவைப் போட்டேன். அணைத்தேன்.

ஐப்பசி 26, புதன்

விட்டு விட்டு மழை. இந்த ஈரம் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். பட்டுப்புழுவுக்குத்தான் ஆகாது.

கத்தரி இலை எல்லாம் சல்லடை. காலையில் கையால் புழு பொறுக்கி, மண்ணெண்ணெய் விட்ட தண்ணீரில் போடுகிறேன். ஒரு பாத்தி முடிப்பதற்குள் முதல் பாத்தியில் மறுபடி. காவ்யா ஏதோ விளக்குப் பொறி, அட்டைப் பொறி என்கிறாள். தை மாசத்துக்குப் பார்க்கலாம், இந்த வெள்ளாமை போனது போனதுதான்.

விவசாய ஆபீஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். பேசுகிறேன், ஆனால் பட்டுப்புழு சமாச்சாரத்தையும் சேர்த்துத்தான் பேசுவேன் என்று. "கண்டிப்பாப் பேசுங்கம்மா, இங்க நெறயப் பேரு புழு வளர்க்கறாங்க" என்றார்.

சரசு தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, புழு தோல் உரிக்கத் தூங்கியது முதல் எல்லாவற்றையும் கத்துவாள். "தூங்கி எந்திரிச்சிருச்சுங்க்கா!" "தழை பத்தலீங்க்கா!" நான் இந்தப் பக்கம் இருந்து கத்துவேன். நடுவில் காற்று அடித்தால் பாதி வார்த்தை எருமப்பட்டிக்குப் போய்விடும்.

இன்றைக்குக் குரல் வேறு மாதிரி.

"அக்கா... நாலஞ்சு வெறச்சுக் கெடந்துச்சுங்க்கா."

"வெள்ளையாவா?"

"ஆமாங்க்கா. எடுத்து எரிச்சாச்சு. சுண்ணாம்பு தூவியிருக்குது. ஓரத்துத் தழைப் படுக்கையிலதான்."

அவ்வளவுதான் பேச முடிந்தது. மழை வந்துவிட்டது. அவள் ஓடினாள், நான் அங்கேயே நின்றேன், நனைந்துகொண்டு. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாமிக்கு விளக்குப் போட்டேன். என்ன வேண்டுவது? புழுவைக் காப்பாற்று என்றா? இந்தப் பக்கத்துப் புழுவைக் கொல்லு, அந்தப் பக்கத்துப் புழுவைக் காப்பாற்று என்றால் சாமிக்கே குழம்பும்.

ஐப்பசி 30, ஞாயிறு

வெயில் அடிக்கிறது, நல்ல வெயில்.

புழு கூடு கட்டும் வலையில் ஏறிவிட்டதாம். ஒன்றிரண்டு படுக்கை போனது, மிச்சம் எல்லாம் ஏறிவிட்டது. நூல் விட ஆரம்பித்துவிட்டது. சரசு கத்தவில்லை, செல்வராசே வேலிக்கு வந்து சொன்னார். "நங்கை, ஏறிருச்சுங்க." அத்தனை நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தார். நான் "சரிங்" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார்த்திகை 6, சனி

வானம் சுத்தம்.

கூடு பறிக்க வரச் சொன்னாள். வலைகளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டாள், நான் கொட்டாய்க்குள் போக வேண்டாம் என்று. பறித்து முடிந்ததும் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடுவார்களாம். நாலைந்து பெண்கள். ராணியும் இருந்தாள். எனக்குப் பாய் விரித்து இடம் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளினாள். குடித்தேன்.

கூடு நல்ல வெள்ளை. காதுக்குப் பக்கத்தில் குலுக்கினால் உள்ளே கூட்டுப்புழு உருளும் சத்தம். இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளைதான்.

சரசு என் பக்கத்தில் உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினாள். என்ன சொன்னாள் என்றே காதில் விழவில்லை. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது செல்வராசு: "நங்கை, கத்தரிய எடுத்துப்போட்டு நீங்களும் மல்பெரியே வெச்சிருங்களே. தழைய நான் வெட்டிக்கறேன். உங்களுக்கும் பொறுக்கற வேலை இல்ல."

சரசு என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். கேட்டவுடனே சரி என்றால் நமக்கு என்ன மதிப்பு?

வந்து கத்தரிக்காட்டில் நின்று பார்த்தேன். ஓட்டை இலை, சொத்தைக் காய். மல்பெரி என்றால் இடைவெளி அதிகம் விடணும். மேற்கே இருந்து ஆரம்பித்தால் தண்ணீர் பாய்ச்சச் சுலபம்.

மண்வெட்டிப் பிடி ஆடுகிறது. காலையில் ஆப்பு அடிக்கணும்.